"ஆர்வமின்மை"ன்னு எழுதுன அதிகாரிகளுக்கு பீடி சுத்துற ஒருத்தியோட திறந்த மடல்

திறன் பயிற்சித் திட்டங்களுக்குப் பொறுப்பா இருக்குற அதிகாரிகளுக்கு,

போன மாசம் ஒரு செவ்வாக்கிழம எங்க ஊரு சமுதாய நலக்கூடத்து வாசல்ல ஒரு மினி லாரி வந்து நின்னுச்சு. உள்ள இருந்த 15 தையல் மெஷினையும் ரெண்டு பையங்க தூக்கித் தூக்கி ஏத்திக்கிட்டு இருந்தாங்க. நான் அப்பத்தான் கடையில பீடிக்கட்ட குடுத்துட்டு வந்துக்கிட்டு இருந்தேன், என்னப்பா எங்க கொண்டு போறீங்கன்னு கேட்டேன். வேற ஊருக்குக்கா, இங்க தையல் பயிற்சி ரெண்டாவது பேட்ச் கேன்சல்னு சொன்னான். சாயங்காலம் பஞ்சாயத்து ஆபீஸ்ல போய் ஏன்னு கேட்டதுக்கு ஒரு பேப்பரக் காட்டுனாங்க, அதுல எங்க ஊரு பேருக்கு நேரா ரெண்டே வார்த்த. "பயனாளிகளிடம் ஆர்வமின்மை."

அந்த ரெண்டு வார்த்தைய வாசிச்சுட்டு என்னால சும்மா இருக்க முடியல. நாளைக்கு வேற யாராவது நல்ல மனசோட ஒரு திட்டம் கொண்டு வந்தாலும் இந்த பேப்பரப் பாத்துட்டு அந்த ஊரு பொம்பளைங்க வரமாட்டாங்க, அத விடுங்கன்னு தள்ளி வச்சிருவாங்க. எங்களுக்கு அடுத்து வார பிள்ளைங்களுக்கும் சேத்து கதவ சாத்துற வார்த்த அது. அதனால நடந்தது என்னன்னு எழுதுதேன், கொஞ்சம் பொறுமையா வாசிங்க.

எனக்கு 41 வயசு. பத்தாங்கிளாஸ் பாஸ். 9 வயசுல அம்மா பக்கத்துல உக்காந்து பீடி வாய மடக்கிக் குடுக்க ஆரம்பிச்சேன், 12 வயசுல தனியா சுத்தத் தெரிஞ்சுட்டு. திருநெல்வேலி தென்காசி பக்கம் எங்கள மாதிரி ஊருங்கள்ல இது புதுசு இல்ல, சாயங்காலம் எந்த தெருவுல நடந்தாலும் திண்ணையில சுளக மடியில வச்சுக்கிட்டு நாலு பேரு இருப்பாங்க. இலைய நனச்சு ஈரத்துணியில சுத்தி வைக்கணும், தகடு வச்சு கத்தரியில வெட்டணும், தூள் வச்சு சுருட்டி வாய மடக்கி நூல் கட்டணும், 25 பீடி ஒரு கட்டு. காலம்பற 5 மணிக்கு எந்திரிச்சு வீட்டு வேலைக்கு இடையில இடையில சுத்துனா ராத்திரிக்குள்ள 700, 800 வரும். கழிவு போக பிஎஃப் பிடிச்சது போக கைக்கு 200 ரூவா சுமாருக்கு நிக்கும். அந்த 200 ரூவாயிலதான் என் மகள காலேஜ்ல சேத்திருக்கேன்.

இந்த வேலய விடணும்னு எங்களுக்கு ஆசை இல்லன்னு நினைக்கீங்களா? எங்க அம்மா கடைசி 6 வருசம் இருமி இருமியே போய்ச் சேந்தாங்க, ஒரு பீடி வாயில வச்சது கிடையாது அவங்க, தூளு மட்டுந்தான். எனக்கு இடுப்பு நேரா நிக்காது, காலம்பற எந்திரிச்சதும் செவத்தப் பிடிச்சுக்கிட்டு கொஞ்ச நேரம் நின்னாத்தான் நடக்க முடியும். பிள்ளைங்க யூனிபார்ம துவச்சுக் காயப்போட்டாலும் அதுல தூளு வாடை போகாது. என் மக ஏழாங்கிளாஸ் படிக்கும்போது ஒரு நாள் வந்து, இனிமே என் சட்டைய பக்கத்து வீட்டு கொடியில காயப்போடும்மான்னு கேட்டா, ஏன்னு நான் கேக்கல, எனக்குத் தெரியும். இத எல்லாம் தினம் பாத்துக்கிட்டு இருக்குறவளுக்கு வேற தொழில் கத்துக்க ஆர்வம் இல்லன்னு எழுதுறதுக்கு முன்னாடி எங்க திண்ணையில ஒரு மணி நேரம் வந்து உக்காந்திருக்கலாம் நீங்க.

மொத பேட்சுக்கு ஆள் எடுக்க வந்தப்ப பேரு குடுத்தது 64 பேரு. எடுத்தது 30. மீதி 34 பேரு அடுத்த பேட்ச் எப்போ அடுத்த பேட்ச் எப்போன்னு என்னையே கேட்டுக்கிட்டு இருந்தாங்க, ஏன்னா நான் கொஞ்சம் ஓடியாடி ஆபீஸுக்கெல்லாம் போற ஆளு. அந்த 64 எந்த பேப்பர்லயும் இல்ல. பேப்பர்ல இருக்குறது 30 பேரு சேந்தாங்க 11 பேரு முடிச்சாங்கங்கிற கணக்கு மட்டுந்தான். 19 பேரு நின்னுட்டாங்க, அதனால ஆர்வம் இல்ல, முடிஞ்சுது.

அந்த 19 பேரு வீட்டுக்கும் நான் நடந்தே போனேன், ரெண்டு ஞாயித்துக்கிழம. என் பையனோட பழைய ரூல்டு நோட்டுல ஒவ்வொருத்தி பேரும் ஏன் நின்னான்னும் எழுதிட்டு வந்திருக்கேன்.

ஆறு பேரு கைரேகையால நின்னாங்க. இத கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா எனக்கு ரொம்ப வலிச்சது இதுதான். பயிற்சிக்கு வந்ததும் வருகைப் பதிவுக்கு பயோமெட்ரிக் மெஷின்ல விரல் வைக்கணும், போகும்போதும் வைக்கணும். 25 வருசம், 30 வருசம் காஞ்ச இலைய தேச்சுத் தேச்சு, நூல இழுத்து இழுத்து, எங்க கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் ரேகை மழுங்கிப் போச்சு. ஆதார் எடுக்கும்போதே பாதிப் பேருக்கு நாலு தடவ அஞ்சு தடவ வச்சுத்தான் விழுந்துச்சு. மெஷின் சிவப்பு லைட் காட்டும், கையக் கழுவிட்டு வாங்கன்னு சொல்லுவாங்க, எண்ணெ தடவிப் பாருங்கன்னு சொல்லுவாங்க, மறுபடி சிவப்பு. அன்னைக்கு முழுக்க வகுப்புல உக்காந்து காஜா எடுக்கப் பழகியிருப்பா, கம்ப்யூட்டர்ல அவ வரல. இப்படி 20 நாள் 25 நாள் ஆப்சென்ட் விழுந்ததும் வருகை போதாது, உங்கள தேர்வுக்கு விட முடியாது, இனிமே வந்தும் பிரயோஜனம் இல்லன்னு சொல்லிட்டாங்க. அதுல ஒரு மைனிக்கு 47 வயசு, எங்க பேட்சுலயே ரொம்ப சுத்தமா தச்சது அவங்கதான். ஒரு நாள் கூட லீவு போடல. அவங்க பேருக்கு நேராவும் உங்க கணக்குல இடையில நின்னவர்னுதான் இருக்கு.

பென்சன் வாங்குற பெரியவங்க முகத்தக் காட்டியே லைஃப் சர்டிபிகேட் குடுக்குற வசதி 2021-லயே வந்துட்டு. எங்க ஊரு ரேஷன் கடையில ரேகை விழலன்னா கண்ணப் பாத்து அரிசி போடுதாங்க. அரிசி போட முடியுற இடத்துல பாடம் நடத்துற இடத்துல ஏன் முடியல? ஒரு நோட்டுல கையெழுத்து வாங்கி பயிற்சியாளர் சாட்சி போட்டிருந்தா போதும், அதக் கேட்டதுக்கு சிஸ்டம் ஏத்துக்காதுன்னு பதில் சொன்னாங்க. தொழில் பாத்து தேஞ்ச விரல வச்சு, தொழில் மாற வந்தவள வெளிய அனுப்பியிருக்கீங்க.

அஞ்சு பேரு இலைக்காக நின்னாங்க. இது வெளி ஆளுங்களுக்குத் தெரியாது. பீடிக் கடையில கார்டு இருக்குறவளுக்குத்தான் இலையும் தூளும் குடுப்பாங்க, அந்த கார்டு இருந்தாத்தான் பிஎஃப், பிள்ளைங்க ஸ்காலர்ஷிப், ஆஸ்பத்திரி எல்லாம். வாங்குன இலைக்கு கணக்கா கட்டு குடுக்கணும், தொடந்து கொஞ்ச நாள் குடுக்கலன்னா கடைக்காரர் இலைய வேற ஆளுக்கு குடுத்துருவாரு, பேரு அடிபட்டுச்சுன்னா திரும்ப ஏறுறது அம்புட்டு லேசு இல்ல. உங்க வகுப்பு காலம்பற 9:30-லருந்து சாயங்காலம் 4:30 வரைக்கும். கடையில கட்டு வாங்குற நேரமும் காலம்பறதான். மூணு மாசம் கட்டு குடுக்காம இருந்தா 20 வருசத்து கார்டு போயிரும், வச்சிருந்தா வகுப்பு போயிரும். அந்த அஞ்சு பேரு கார்ட வச்சுக்கிட்டாங்க. நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க, வர்ற சம்பளத்த மூணு மாசம் நிறுத்திட்டு, திரும்பி வந்தா வேல இருக்குமான்னு தெரியாம, ஒரு கோர்ஸுக்கு போவீங்களா?

மூணு பேரு குழு லோனு வாரத் தவணையால நின்னாங்க. புதன்கிழம 10 மணிக்கு மேடம் வந்து உக்காந்துருவாங்க, ஒருத்தி கட்டலன்னா மத்த ஒம்பது பேரும் அவ வீட்டு வாசல்ல நிப்பாங்க. பீடி சுத்தலன்னா தவணை இல்ல. பயிற்சிக்கு வந்தா ஒரு நாளைக்கு 100 ரூவா பஸ் காசுன்னு சொன்னாங்க, நாங்களும் நம்பி வந்தோம், அது தேர்வெல்லாம் முடிஞ்சு அஞ்சு மாசம் கழிச்சு பாதிதான் வந்துச்சு, மீதி இன்னைக்கு வரைக்கும் வரல. ரெண்டு பேரு வீட்டுல படுக்கையில கிடக்குற பெரியவங்களப் பாக்க ஆள் இல்லாம நின்னாங்க. ஒருத்தி மாசமா இருந்தா. மீதி ரெண்டு பேர வீட்டுக்காரங்க விடல, அதயும் மறைக்காம எழுதியிருக்கேன். மொத்தம் 19. எனக்குப் பிடிக்கல, எனக்கு வேண்டாம்னு சொன்னது ஒருத்தி கூட இல்ல.

நான் முடிச்ச 11 பேருல ஒருத்தி. எனக்கு மட்டும் எப்படி முடிஞ்சுதுன்னா, என் கார்டுக்கு என் நாத்தனார் ராத்திரி ராத்திரி உக்காந்து சுத்திக் குடுத்தா, என் மக காலேஜ் விட்டு வந்து நூல் கட்டுனா. மூணு பேரு தூக்கத்துல நான் வாங்குன சர்டிபிகேட் அது. அது இப்போ பீரோவுல இருக்கு.

வகுப்பப் பத்தியும் சொல்லணும். மொத பன்னெண்டு நாள் இங்கிலீஷ்ல தன்னப் பத்தி அஞ்சு வரி சொல்லப் பழக்குனாங்க. அது வேண்டாத விஷயம்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா 30 பேருக்கு 15 மெஷின், அதுல நாலு எப்பவும் ரிப்பேரு, துணி ரெண்டாவது மாசமே தீந்து போச்சு, அதுக்கப்புறம் நியூஸ்பேப்பர்ல தச்சுப் பழகுனோம். எங்களுக்கு வந்த டீச்சர் சின்ன வயசுப் பொண்ணு, தங்கமான பிள்ள, நாங்க லேட்டா புரிஞ்சுக்கிட்டாலும் முகம் சுளிக்காது. அதுக்கு ரெண்டு மாசமா சம்பளம் வரலன்னு ஒரு நாள் அழுதுச்சு, அடுத்த வாரம் வரல. அதுக்குப் பிறகு வந்தவங்க ரெண்டு பேரும் நிலைக்கல. தேர்வு அன்னைக்கு யாரோ வெளியூர்லருந்து ஒரு சார் வந்தாரு, கையில டேப்லெட் கம்ப்யூட்டர் குடுத்தாங்க, கேள்வி பூரா இங்கிலீஷ்ல இருந்துச்சு. பேனர் கட்டி போட்டோ எடுத்தோம். ஒரு ப்ளவுஸ் வெட்டித் தச்சுக் காட்டுங்கன்னு யாராவது கேப்பாங்கன்னு நான் ராத்திரி எல்லாம் நினச்சுக்கிட்டு இருந்தேன், யாரும் கேக்கல.

அப்புறம் பிளேஸ்மென்ட். திருப்பூர்ல ஒரு கம்பெனி, ஹாஸ்டல்ல தங்கணும்னு ஆர்டர் வந்துச்சு, முடிச்ச 11 பேருக்கும். அதுல 9 பேரு கல்யாணம் ஆகி பிள்ளைங்க இருக்குறவங்க. எனக்கு எட்டாங்கிளாஸ் படிக்குற பையன், கண்ணு தெரியாத அத்தை, லோடு ஏத்தப் போய் ராத்திரி வார வீட்டுக்காரர். நான் எப்படி ஹாஸ்டல்ல போய் இருப்பேன்? முடியாதுன்னு சொன்னதும் ஒரு பாரத்த நீட்டி கையெழுத்து கேட்டாங்க, அதுல "வேலைவாய்ப்பில் விருப்பமில்லை"ன்னு அச்சடிச்சு இருந்துச்சு. வேற கட்டமே அதுல இல்ல. பக்கத்துல வேல குடுத்தா போவேன்னு எழுத ஒரு வரி இடம் இல்ல. நான் கையெழுத்துப் போட்டேன், அது என் தப்பு, ஆனா அந்தக் கையெழுத்த வச்சுத்தான் இன்னைக்கு ஆர்வமின்மைன்னு எழுதியிருக்கீங்கன்னு எனக்கு இப்பத்தான் புரியுது.

இது ஏன் இப்படி நடக்குன்னு நான் கொஞ்சம் படிச்சும் பாத்தேன், மக போன்ல தேடிக் குடுத்தா. கிராமத்து இளைஞர்களுக்கான தீன்தயாள் உபாத்யாயா கிராமின் கௌசல்யா யோஜனா 2014-ல வந்துச்சு, அதுல வயசு 15-லருந்து 35, பொம்பளைங்களுக்கு 45 வரைக்கும் உண்டு. பயிற்சி குடுக்குற நிறுவனம் 70 சதவீதம் பேரையாவது வேலையில சேத்துக் காட்டணும், காசும் அதப் பொறுத்து தவணை தவணையாத்தான் வரும். பிரதம மந்திரி கௌசல் விகாஸ் யோஜனாவோட நாலாவது கட்டத்துல வயசு 59 வரைக்கும் போகுது. அப்போ சட்டம் எங்கள வெளிய தள்ளல. ஆனா எங்க ஊரு மீட்டிங்ல 35-க்கு மேல எடுக்க மாட்டோம், ஏதோ உங்களுக்காக கொஞ்சம் தளத்தியிருக்கோம்னு வாயால சொன்னாங்க. ஏன்னா 20 வயசு பிள்ளைய ஸ்ரீபெரும்புதூருக்கோ திருப்பூருக்கோ பஸ் ஏத்தி விட்டுட்டா சம்பள ஸ்லிப் வந்துரும், கணக்கு முடிஞ்சிரும். 41 வயசுக்காரிய ஏத்த முடியாது. தலைய எண்ணித்தான் காசுன்னு வச்சா, எண்ண லேசான தலையத்தான் தேடுவாங்க. அந்த நிறுவனத்துக்காரங்கள மட்டும் நான் குத்தம் சொல்ல மாட்டேன், அவங்களுக்கு கட்டத்த போட்டுக் குடுத்தது நீங்க.

இதே நாட்டுல வேற மாதிரியும் பண்ணியிருக்காங்க. நம்ம மாநிலத்து அரசு ஐடிஐல பொம்பளைங்களுக்கு உச்ச வயசு வரம்பே கிடையாது, மாசம் 750 ரூவா உதவித்தொகையும் பஸ் பாஸும் சைக்கிளும் உண்டு. 2023-ல வந்த பிஎம் விஸ்வகர்மா திட்டத்துல பயிற்சிக்கு வார கைவினைஞருக்கு ஒரு நாளைக்கு 500 ரூவா, ஏன்னா அன்னைக்கு அவன் சோலிய விட்டுட்டு வாராங்கிறது அத எழுதுன ஆளுக்குத் தெரிஞ்சிருக்கு. அந்த 18 தொழில்ல பீடி இல்ல, எங்களுக்கு அது வராது, ஆனா மனசு வச்சா அப்படி ஒரு ரூல் எழுத முடியும்னு தெரியுதுல்ல. பேங்குக்காரங்க நடத்துற ஊரக சுயவேலைவாய்ப்பு பயிற்சி நிலையம் இருக்குல்ல, 1982-ல கர்நாடகாவுல உஜிரேங்கிற ஊர்ல ஆரம்பிச்ச நிலையத்தப் பாத்து வந்தது, அதுல பயிற்சி முடிச்ச பிறகு ரெண்டு வருசம் கூடவே வந்து கடனுக்கு, சந்தைக்கு, எல்லாத்துக்கும் உதவி பண்ணணும்னு வச்சிருக்காங்க. எங்களுக்கு ரெண்டு நாள் கூட யாரும் வரல.

கண்ணூர் கதைய எங்க சங்கத்து அக்கா ஒருத்தங்க சொன்னாங்க. 1966 பீடித் தொழிலாளர் சட்டத்த கேரளாவுல அமல்படுத்துனதும் பெரிய முதலாளிங்க கம்பெனிய பூட்டிட்டாங்க, ஆயிரக்கணக்கான பேரு தெருவுக்கு வந்தாங்க. 1969-ல அவங்களே சேந்து தினேஷ் பீடின்னு கூட்டுறவு சங்கம் ஆரம்பிச்சாங்க, ஒரு காலத்துல 40,000 பேருக்கு மேல அதுல வேல பாத்தாங்க. 1990-கள் கடைசியில பீடி விக்கிறது குறையப் போகுதுன்னு தெரிஞ்சதும் அவங்க என்ன பண்ணுனாங்கன்னா, பீடி ஓடிக்கிட்டு இருக்கும்போதே பக்கத்துலயே ஊறுகாய், மசாலாப்பொடி, குடை, துணி, கம்ப்யூட்டர் வேலைன்னு ஒண்ணு ஒண்ணா ஆரம்பிச்சாங்க. எல்லாரும் பிழச்சுட்டாங்கன்னு நான் சொல்லல, அங்கயும் ஆளு ரொம்ப குறஞ்சு போச்சு. ஆனா பழசு ஒரு கையில இருக்கும்போதே புதுச மறு கையில பிடிச்சாங்க. மொத கைய விடு, அப்புறம் பாக்கலாம்னு யாரும் அவங்ககிட்ட சொல்லல. எங்ககிட்ட அதத்தான் சொல்லுதீங்க.

புகையிலை கெடுதின்னு எல்லாருக்கும் முன்னாடி தெரிஞ்சவங்க நாங்கதான். உலக சுகாதார நிறுவனத்தோட புகையிலை கட்டுப்பாட்டு உடன்படிக்கைய இந்தியா 2004-ல ஏத்துக்கிட்டு, அதுல 17-வது பிரிவுல புகையிலைய நம்பி இருக்குற தொழிலாளிக்கு மாத்து பிழப்புக்கு வழி பண்ணணும்னு இருக்கு. அரசாங்கம் சொல்லுற கணக்குலயே நாட்டுல சுமார் 50 லட்சம் பீடித் தொழிலாளிங்க, அதுல பெரும்பங்கு பொம்பளைங்க. பீடிக்குன்னு தனியா செஸ்ஸுன்னு ஒரு வரி பிடிச்சு 1976 சட்டப்படி எங்க நலநிதிக்கு போய்க்கிட்டு இருந்துச்சு, 2017-ல ஜிஎஸ்டி வந்தப்ப அந்த செஸ்ஸ எடுத்துட்டாங்க. ஆக வேலையும் குறையுது, எங்க பேருல வந்த காசும் போச்சு. மிச்சம் இருந்தது இந்த பயிற்சி ஒண்ணுதான், அதயும் லாரியில ஏத்திட்டீங்க.

இன்னொண்ணு, ஏன் எங்க போனாலும் தையல்? எங்க ஊர்ல ஏற்கனவே ஆறு பேரு ப்ளவுஸ் தைக்காங்க. நான் சர்டிபிகேட் வாங்குன பிறகு 4,500 ரூவாய்க்கு ஒரு பழைய மெஷின் வாங்கிப் போட்டேன், மாசத்துக்கு அஞ்சு ஆறு ப்ளவுஸ் வருது, அதுவும் தீபாவளி பொங்கலுக்குத்தான். எங்க தெருவுல ஒருத்தி இருக்கா, மிக்ஸி, கிரைண்டர், டேபிள் ஃபேன் எது ரிப்பேரானாலும் அவளே ஸ்க்ரூ டிரைவர வச்சு கழட்டி மாட்டிருவா, யாரும் சொல்லிக் குடுக்கல. எங்க ஊரச் சுத்தி நாலு ஊருக்கு மெக்கானிக் கிடையாது, ஒரு மிக்ஸி போச்சுன்னா 14 கிலோமீட்டர் தூக்கிட்டுப் போகணும். பேரு குடுக்கும்போது அவ எனக்கு அந்த வேலையப் படிக்கணும்னு கேட்டா. பொம்பளைங்களுக்கு தையலும் பியூட்டிஷியனுந்தான்னு சொல்லி அவளயும் தையல்ல போட்டாங்க. கைரேகையால நின்ன ஆறு பேருல அவளும் ஒருத்தி. இன்னைக்கும் பீடிதான் சுத்துதா, ஞாயித்துக்கிழம சும்மா வந்து பக்கத்து வீட்டு கிரைண்டர சரி பண்ணிக் குடுத்துட்டு போறா, காசு கேக்கத் தெரியாது அவளுக்கு.

திருநெல்வேலி பக்கத்துல கங்கைகொண்டான்ல சோலார் பேனல் கம்பெனி வந்திருக்கு, அங்க நிறைய பொண்ணுங்க வேல பாக்காங்க, பாக்கவே சந்தோசமா இருக்கு. எங்க பிள்ளைங்க அங்க போவாங்க. அந்தப் பிள்ளைங்கள படிக்க வச்ச அம்மாமாரு மிச்சம் இருக்குற 20 வருசத்துக்கு என்ன பண்ணணும்னுதான் கேக்கேன்.

நாங்க கேக்குறது இதுதான்.

மொதல்ல அந்த பேப்பர்ல இருக்குற "ஆர்வமின்மை"ங்கிற வார்த்தைய அடிச்சுட்டு, நடந்த காரணத்த எழுதுங்க. கைரேகை, நேரம், கூலி இழப்பு, இந்த மூணையும் அதே பேப்பர்ல அதே இடத்துல எழுதுங்க. கைரேகை விழாம ஆப்சென்ட் ஆன ஆறு பேரையும் திரும்பக் கூப்பிட்டு தேர்வு எழுத விடுங்க, அவங்க வந்ததுக்கு நாங்க எல்லாரும் சாட்சி, வேணும்னா அந்த டீச்சர் பிள்ளையும் வந்து சொல்லும். இனிமே முகமோ கண்ணோ கையெழுத்து நோட்டோ, எது வேணா வைங்க, மழுங்குன விரல மட்டும் நம்பாதீங்க.

ரெண்டாவது பேட்ச எங்க ஊருக்கே திரும்பக் கொண்டு வாங்க, ஆனா மூணு மாசம் முழு நாளா வேண்டாம், ஆறு மாசம் அரை நாளா வைங்க. மத்தியானம் 2 மணிலருந்து 5 மணி வரைக்கும். காலம்பற கட்டு குடுத்துட்டு வந்துருவோம். வகுப்புக்கு வார ஒவ்வொரு நாளுக்கும் 150 ரூவாயாவது வாரா வாரம் அக்கவுன்ட்ல போடுங்க, முடிஞ்ச பிறகு தாரோம்னு சொல்லாதீங்க, புதன்கிழம தவணை முடிஞ்ச பிறகு வாராது. ஏற்கனவே மொத பேட்சுக்கு பாக்கி இருக்குற பஸ் காசையும் தந்துருங்க. பயிற்சியில இருக்குறவ பேர பீடிக் கடையில அடிக்கக் கூடாதுன்னு தொழிலாளர் துறை மூலமா கடைகளுக்கு எழுத்துல சொல்லுங்க, இது இல்லாம மத்தது எது பண்ணுனாலும் பாதிப் பேரு திரும்பவும் நிப்பாங்க.

வயசு வரம்பு என்னன்னு திட்டத்துல இருக்குறபடி தமிழ்ல எழுதி பஞ்சாயத்து போர்டுல ஒட்டுங்க, வாய்ச்சொல்லா வேண்டாம். என்ன தொழில் வேணும்னு ஆள் எடுக்குறதுக்கு முன்னாடி எங்களக் கேளுங்க, எங்க ஊருக்கு வீட்டு சாமான் ரிப்பேரு ஒரு பேட்ச் கட்டாயம் வேணும். சொந்த ஊர்ல இருந்து சம்பாதிக்குறதயும் வேலைவாய்ப்புன்னு கணக்குல ஏத்துங்க, பிளேஸ்மென்ட் பாரத்துல இடம் தூரம், வேற காரணம்னு எழுத கட்டம் போடுங்க. தையல் முடிச்ச 11 பேர பள்ளிக்கூட யூனிபார்ம் தைக்குற மகளிர் தையல் கூட்டுறவு சங்கத்துல உறுப்பினரா சேக்க சமூக நலத்துறைக்கு ஒரு கடிதம் குடுங்க. மாநில அரசோட கலைஞர் கைவினைத் திட்டத்துல 35 வயசுக்கு மேல உள்ளவங்களுக்கு 3 லட்சம் வரை கடன், 50,000 வரை மானியம், அதுல தையலும் உண்டு, ஆனா எங்க பேட்சுல ஒருத்திக்கும் இத யாரும் சொல்லல, நான் போன்லதான் பாத்தேன். அதுக்கு விண்ணப்பம் போட ஒரு நாள் ஊருக்கே ஆள் அனுப்புங்க. ரெண்டு வருசத்துக்கு மாசம் ஒரு தடவ யாராவது ஒருத்தர் வந்து என்ன ஆச்சுன்னு கேக்கணும், அவங்க பேரும் போன் நம்பரும் எங்ககிட்ட இருக்கணும்.

இதுக்கெல்லாம் எது முடியும், எது முடியாது, எந்த தேதிக்குள்ளன்னு 30 நாளுக்குள்ள எழுத்துல பதில் வேணும். அந்த 19 பேரோட நோட்டு எங்கிட்ட இருக்கு, பேரு பேரா காரணம் எழுதி அவங்க கையெழுத்தும் வாங்கியிருக்கேன், நேர்ல வந்தா காட்டுதேன், கூப்பிட்டா கொண்டு வாரேன். காலம்பற 11 மணிக்கு மேல எப்ப வேணா கூப்பிடுங்க, அதுக்கு முன்னாடி கடையில நிப்பேன்.

இப்படிக்கு,
மொத பேட்ச்ல பயிற்சி முடிச்ச 11 பேருல ஒருத்தி